மதகடி நாய்

ரொறன்ரோ
20.01.2000

அன்புள்ள ஐயாவுக்கும் சிவனேஸ் மாமிக்கும்,

பிரசாந்தன் எழுதுறன். இஞ்ச என்ர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. பனிதான் வாசற்படியை மூடிக்கொண்டு நிக்குது. ஐயா, முழங்கால் நோ எப்பிடி? மாமி, உங்கட கண்ணை டொக்டரிட்டைக் காட்ட வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைச்சதோ?

இதை மாமிதான் வாசிச்சுக் காட்டுவா எண்டு தெரியும். ஆறுதலா வாசியுங்கோ மாமி. உங்கட அண்ணருக்கு ஒருக்கா வாசிச்சால் போதும், பிறகு அது அவரின்ர நெஞ்சை விட்டுப் போகாது.

பகலில எனக்கு பிஸ்கற் பக்டரியில வேலை. மிச்ச நேரத்தில ஒரு விளையாட்டுச் செய்யிறன், கொம்பியூட்டர் திரையில விளையாடுறது. பெரிய கொம்பனிகள் ஒரு கூட்டம் ஆக்களை வச்சுச் செய்யிற வேலையைத் தனிய, வீட்டில இருந்து செய்யிறவை உலகம் முழுக்க இருக்கினம். அவைக்கெண்டே இன்ரநெற்றில ஒரு பக்கம் இருக்கு. ஆர் என்ன செய்து முடிச்சது, படம் கீறுற புரோகிராம் எங்க சும்மா கிடைக்கும், சத்தங்கள் ஆரிட்டை வாங்கலாம் எண்டு கிழமைக்குக் கிழமை செய்தி போடுவினம். பின்லாந்துக்காரன் ஒருத்தன் தான் எழுதின புரோகிராமை எல்லாருக்கும் இனாமாக் குடுத்திருக்கிறான். அவன்ர முகமே நான் கண்டதில்லை. எங்கட ஆக்கள் வரம்பில நிண்டு விதைநெல் ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுக்கிறமாதிரி நடக்குது.

அந்தப் பக்கத்தில ஒருத்தர் எழுதியிருந்தார்: காணாத கோட்டையைக் கீறாதேங்கோ, தெரிஞ்ச ஒரு தெருவைக் கீறுங்கோ எண்டு. எனக்குத் தெரிஞ்சது ஒரு தெருதான் ஐயா. எங்கட கண்டாவளை வீட்டில இருந்து வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்னைச் சைக்கிள் பாரில இருத்திக் கொண்டு போனீங்களே, அந்தத் தெரு. விளையாடுறவர் பொங்கல் பானையைக் கரியரில கட்டிக்கொண்டு, பொழுதுபட முன்னம் கோயிலடிக்குப் போய்ச் சேரவேணும். அவ்வளவுதான் விளையாட்டு.

ஆனால் யோசிச்சால் உங்கட நாடியும் முன்சில்லும்தான் வருது, தெரு வரமாட்டனெண்டுது. நீங்கள்தான் சொல்லவேணும்.

உங்கள் பாதம் மறவாத மகன்,
பிரசாந்தன்


வற்றாப்பளை
14.03.2000

அன்பு மகன் பிரசாந்தனுக்கு,

ஐயா சொல்ல மாமி எழுதுறது. அம்மாளாச்சியின்ர காவலில ரெண்டு கிழடுகளும் இருக்கிறம். நீ குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு திரிவாய் எண்டு நம்புறன். என்ர முழங்கால் எழும்பேக்க ஒருக்காக் கத்தும், பிறகு பேசாமல் கிடக்கும்.

விளையாட்டு எண்டு வாசிச்ச உடன மாமி விழுந்து விழுந்து சிரிச்சா. இருபத்தாறு வயசுக் குமரன் விளையாட்டுச் செய்யிறானாம். நான் சிரிக்கேல்லை. நீ கேட்டது தெருவையல்லோ.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு வைகாசி. உனக்கு நீலக் காற்சட்டை. அப்ப கொம்மா இருந்தவா; பானையைச் சாக்கில சுத்திக் கட்டினது அவாதான். முரசுமோட்டையைத் தாண்டினால் ஒரு மதகு. அந்த மதகுக்குக் கீழ ஒரு சாம்பல் நாய் கிடக்கும். சைக்கிளின்ர சத்தம் கேட்டால் வெளிக்கிட்டு வரும். அதுக்குச் சைக்கிளோட பகையில்லை, காலோடதான் பகை. பெடலை விட்டிட்டுக் காலை மேல தூக்கிப்போடவேணும். சைக்கிள் தன்ர பாட்டில உருளும், நாய் காலைத் தேடிக் களைச்சு நிண்டிடும். "நாய்க்கு ஏன் ஐயா காலில கோவம்?" எண்டு கேட்டனீ. தெரு முழுக்க ஏன் ஐயா, ஏன் ஐயாதான். ஒரு சொல்லுச் சொன்னால் அதுக்கு ஏன் கேளாமல் நீ விட்டதில்லை.

தருமபுரத்தில மருதமரத்துக்குக் கீழ சுடலைமுத்து சில்லுக்குக் காத்தடிச்சுக் கொண்டிருந்தான். மலைநாட்டில இருந்து அடிபட்டு வந்து ரெண்டு வருசம் அப்ப. இப்ப அவனும் எங்களைப் போல இடம்பெயர்ந்து பக்கத்து வளவில இருக்கிறான். நீ அவனை விளையாட்டில போடப்போறாய் எண்டு சொன்னன். அப்பிடியெண்டால் மீசையைப் பெரிசாப் போடட்டாம்.

விசுவமடு மட்டும் இண்டைக்குப் போதும். திரும்பி வாற தெரு உனக்குத் தெரிஞ்சிராது. கோயிலடியில ஏத்தினால் என்ர நெஞ்சில சாய்ஞ்சு வீடு வருமட்டும் நித்திரை.

(தம்பி, பாஸுக்கு எழுதிப் போட்டிருக்கு. இவர் சொல்லச் சொல்ல எனக்குக் கை உளையுது. - மாமி)

இப்படிக்கு,
உன்ர நினைவோட இருக்கிற ஐயா


ரொறன்ரோ
02.05.2000

அன்பின் ஐயா, மாமி,

நான் நல்ல சுகம். உங்கட சுகம் அறிஞ்சு ஆறுதல். கடிதம் வந்த அண்டே தொடங்கினனான்; இப்ப நாய் ஓடுது ஐயா! மதகடிக்கு வந்த உடன சாம்பல் நாய் பாயும். ஒரு பொத்தானை அமத்தினால் சைக்கிள்காரர் ரெண்டு காலையும் மேல தூக்குவார். பிந்தினால் பானையோட விழுவார். என்ர அறையில இருக்கிற பெடியங்கள் எல்லாரும் விழுந்திட்டாங்கள். ஒருத்தன் விளையாடேக்க தன்ர காலையும் தூக்கினவன்.

சுடலைமுத்து அண்ணைக்கு மீசை வச்சாச்சு.

மிச்சத்தையும் வேகமாச் சொல்லுங்கோ. விசுவமடுவுக்கு அங்கால எத்தினை பாலம், குளக்கட்டு எந்தப் பக்கம், எங்க வளைவு, எவ்வளவு தூரம்? மாமி, நீங்கள் ஒரு தாளில கோடு கீறி அனுப்பினால் எனக்குப் பெரிய உதவி. கோயிலோட விளையாட்டை முடிப்பன். திரும்பி வாறது எனக்குத் தெரியாததுதானே.

பொங்கலுக்கு என்ர பேரிலயும் ஒரு கற்பூரம் கொளுத்துங்கோ.

அன்பு மகன்,
பிரசாந்தன்


ரொறன்ரோ
06.08.2000

அன்புள்ள ஐயாவுக்கு,

இது உங்களைச் சுகத்தோட கண்டால் அதுவே போதும். வைகாசி போய் ஆவணியும் வரப்போகுது, ஒரு வரியும் இல்லை. இஞ்ச பத்திரிகை வந்தால் உங்கட பக்கத்துச் செய்தியைத்தான் முதல் தேடி வாசிக்கிறன். மாமிக்குக் கண் வருத்தம் கூடிப்போச்சோ? எழுத ஏலாட்டில் ஆரைக் கொண்டெண்டாலும் ரெண்டு வரி எழுதுவியுங்கோ.

தெரு பிறகு வரட்டும். தெரு முக்கியமில்லை.

உங்கட,
பிரசாந்தன்


வற்றாப்பளை
10.09.2000

அன்பு மகன் அறிய,

ஐயா. நான் சுகம், நீயும் சுகமா இருக்கவேணும். மாமி கண் காட்ட வவுனியாவில நிக்கிறா. வரக் கொஞ்ச நாள் செல்லும். அதால இதைச் சுடலைமுத்து எழுதுறான். எழுத்து வித்தியாசமெண்டு யோசியாதை. இஞ்ச மழை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

வேற ஒண்டும் இல்லை.

ஐயா

தம்பி, அய்யா சொன்னது அதோட முடிஞ்சிருச்சு. இது சுடலைமுத்து தானா எழுதுறது. அய்யா எதிர்லதான் உக்காந்திருக்காரு, வேலியப் பாத்துக்கிட்டு. அவருக்குத்தான் எழுத்து தெரியாதே.

ஒங்க அத்தை, அதான் நீ மாமின்னு கூப்புடுறவங்க, வைகாசிக் கடைசியில பாஸ் கெடச்சு வவுனியாவுக்குப் போனாங்க. வழியில ஆமிக்காரங்க சோதனையில பையத் தொறந்திருக்காங்க. உள்ள நீ கேட்ட தெரு இருந்துச்சு. பாலம், மதகு, குளக்கட்டு, வளைவு, தூரம் எல்லாம் அய்யா சொல்லி அத்தை கோடு கீறினது. அதோட நீ போட்ட கடுதாசியும். கவர் மேல இங்கிலீசு விலாசத்தப் பாத்து எழுதணும்னு அதையும் எடுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. "இந்தப் படம் எதுக்கு?"ன்னு கேட்டா இவுங்க "விளையாட்டுக்கு"ன்னு சொல்லியிருக்காங்க. கூடப் போன பொம்பளை சொல்லுது, அந்த வார்த்தையக் கேட்டதும் அவுங்களுக்குக் கோவம் ரெட்டிச்சுப் போச்சாம். அத்தையப் புடிச்சு இப்ப மறியல்ல அடைச்சு வச்சிருக்காங்க.

ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு அய்யா என் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு. நீ மனசு ஒடிஞ்சு போவேன்னு பயம். நான் வாயாலதான் சத்தியம் பண்ணேன். இதத் தபால்ல போடல, ஒரு கன்னியாஸ்திரி சிஸ்டர் கையில குடுத்துவுடுறேன்.

- சுடலைமுத்து


ரொறன்ரோ
02.10.2000

அன்பின் ஐயா,

உங்கட கடிதம் கண்டு நிம்மதி. நான் சுகம். மாமி ஆறுதலா இருந்து கண்ணைக் காட்டிக்கொண்டு வரட்டும், அவசரமில்லை. இஞ்ச மரமெல்லாம் சிவந்து கிடக்கு. குளிருக்குக் கொஞ்சம் தடிமன், எண்டாலும் வேலை இருக்கு, சாப்பிடுறன். நீங்களும் மாமி இல்லையெண்டு சமைக்காமல் இருக்காதேங்கோ.

பிரசாந்தன்

(தனித் தாள். இதை வாசிச்சுக் காட்டாதேங்கோ.)

சுடலைமுத்து அண்ணை, உங்களுக்கு என்னெண்டு நன்றி சொல்லுறது. கோடு கீறச் சொன்னது நான். ஆரெண்டாலும் சட்டத்தரணி பாக்கினமோ? நான் என்ன அனுப்பினால் உதவும்? சொல்லுங்கோ, இஞ்ச இருந்து என்னவும் செய்வன். ஐயாவுக்கு நான் அறிஞ்சதாக் காட்டாதேங்கோ. தான் மறைக்கிறன் எண்டு நினைக்கிறதாவது அவருக்கு ஒரு பிடியா இருக்கட்டும்.


வற்றாப்பளை
08.11.2000

மகன் பிரசாந்தனுக்கு,

ஐயா எழுதுவிக்கிறது. மழை தொடங்கிட்டுது. முழங்கால் மழைக்கு முதலே எனக்குச் சொல்லிப்போட்டுது. உன்ர தடிமன் குணமோ?

மகன், அந்த விளையாட்டை இதோட விடு. இனித் தெருவைப் பற்றி என்னட்டைக் கேளாதை, நீயும் கீறாதை. இது ஐயாவின்ர சொல்லு.

மாமி இன்னும் வரேல்லை.

ஐயா

தம்பி, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். அவரு "விடு"ங்கிறாரு. வவுனியாவுல அத்தைக்காக வாதாடுற வக்கீலம்மா, விடவே கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அவுங்க சொல்றது இதுதான்: பேப்பர்ல இருக்கறது விளையாட்டுக்குத்தான்னு வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. அப்படி ஒரு விளையாட்டு நெசமாவே இருக்குன்னு வெளியாளு யாராச்சும் அச்சுல போட்டிருக்கணும். விளையாட்டையே கொண்டாந்து காட்டினா இன்னும் நல்லது. நீ அத்தைக்கு எழுதின கடுதாசி ஆமிக்காரங்க கையிலதான் இருக்கு, அதுல நாயப் பத்தி எழுதியிருக்கேல்ல. நாயி வேணும் தம்பி. நாய முடிச்சு அனுப்பு. வக்கீலம்மா விலாசம் பின்னால.

- சு.


ரொறன்ரோ
24.12.2000

அன்புள்ள ஐயா,

நான் நல்ல சுகம். தடிமன் மாறிட்டுது. மழைக்குள்ள நனையாதேங்கோ.

ஐயா, உங்கட சொல்லை நான் இதுவரைக்கும் மீறினதில்லை. இதில மட்டும் மீறுறன். விளையாட்டை விடமாட்டன். கோவிக்காதேங்கோ.

மகன்,
பிரசாந்தன்

(தனித் தாள்)

அண்ணை, விளையாட்டு அரைவாசியிலதான் கிடந்தது. நாய் வேலை செய்யும், பிறகு தெரு வெறும் வெள்ளையாப் போயிடும். அந்த இன்ரநெற் பக்கத்தில உண்மையை எழுதினன்: எனக்கு எழுதின ஒரு கடிதத்தால என்ர மாமி மறியலில இருக்கிறா, இந்த விளையாட்டு இருக்கு எண்டு காட்டவேணும் எண்டு. அந்தப் பின்லாந்துக்காரன் தன்ர வேலையை விட்டிட்டு என்ர பிழைகளைத் திருத்தினான். பிரேசிலில இருந்து ஒரு பிள்ளை தன்ர வீட்டு நாயின்ர குரைப்பைப் பதிஞ்சு அனுப்பினாள். விசுவமடுவுக்கு அங்கால நான் ஒரு உண்மைத் தெருவும் போடேல்லை. பாலமில்லை, குளக்கட்டில்லை. பனையும் மணலும், பிறகு கோயில். அது ஒருத்தருக்கும் உதவாது, ஒருத்தருக்கும் கேடுமில்லை.

அந்தப் பக்கத்தின்ர போன கிழமைச் செய்தியில விளையாட்டைப் படத்தோட போட்டிட்டினம்: "வற்றாப்பளைக்குச் சைக்கிள். தனியொருவர் செய்தது. நாயைக் கவனியுங்கள்." இஞ்ச ஒரு சஞ்சிகையும் அதை எடுத்துப் போட்டிருக்கு. அந்தப் பக்கங்கள், விளையாட்டு இருக்கிற டிஸ்க், இவையள் எல்லாரும் கையெழுத்து வச்ச கடிதம், எல்லாம் சட்டத்தரணிக்கு அனுப்பியாச்சு. இனி என்ர கையில ஒண்டும் இல்லை.


வற்றாப்பளை
21.01.2001

மகனுக்கு,

ஐயா. சுகம். உன்ர கடிதம் வாசிக்கக் கேட்டன். சரி. நீ செய்யிறதைச் செய்.

தைப்பொங்கலுக்குச் சக்கரைப் புக்கை ஒரு பிடி பொங்கினனான். தனிய இருந்து தின்ன இறங்கேல்லை, சுடலைமுத்து வீட்டில குடுத்தன்.

ஐயா

தம்பி, வழக்கு அடுத்த மாசம். வேற சேதி இல்ல. நீ சொல்ல மீறிட்டேன்னு படிச்சப்ப அய்யா திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டல. ரொம்ப நேரம் மொகத்தத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு.

- சு.


வற்றாப்பளை
25.03.2001

என்ர குஞ்சு பிரசாந்தனுக்கு,

சிவனேஸ் மாமி எழுதுறன். எழுத்தைக் கண்ட உடன அறிஞ்சிருப்பாய். பெரிய பெரிய எழுத்தா இருக்கும். கண்ணுக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. மற்றும்படி முழுசா வந்து சேர்ந்திட்டன். மெலிஞ்சு போனன், அவ்வளவுதான். உள்ள இருந்த கதையை நான் எழுதப்போறதில்லை. சிரிக்கக்கூடியதை மட்டும் எழுதுறன்.

மாசி மாசம் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையில இருத்திச்சினம். மேசையில கொம்பியூட்டர். சட்டத்தரணிப் பிள்ளை ஒரு பக்கம், மொழிபெயர்க்கிறவர் ஒரு பக்கம், நடுவில ஒரு இளம் அதிகாரி. டிஸ்கைப் போட்டார். எனக்குக் கலங்கலாத்தான் தெரிஞ்சுது, எண்டாலும் சைக்கிளைக் கண்டன், பானையைக் கண்டன். அவர் ஓட்டுறார். மதகடி வந்தது. நாய் பாஞ்சுது, ஆள் பானையோட விழுந்தார். திரும்ப ஓட்டினார், திரும்ப விழுந்தார். எனக்குப் பொறுக்கேல்லை. "காலைத் தூக்குங்கோ தம்பி, காலைத் தூக்குங்கோ!" எண்டு கத்திப்போட்டன். மொழிபெயர்க்கிறவரும் பதறிப்போய் அதைக் கத்தினார். அந்த அதிகாரி கதிரையில இருந்தபடி தன்ர ரெண்டு சப்பாத்துக் காலையும் மேல தூக்கிப்போட்டார்!

அறை முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரிச்சார், பிறகு வெக்கப்பட்டுக் காலை இறக்கினார். உன்ர கடிதத்தை எடுத்து அந்த நாய் வாற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "உங்கட வீட்டு நாயோ?" எண்டு கேட்டார். "இல்லை ஐயா, தெரு நாய்" எண்டன். அதோட எழும்பிப் போயிட்டார். அடுத்த வழக்குத் தவணையில என்னை விட்டிட்டினம். நாயாலயோ, பேப்பராலயோ, அந்தப் பிள்ளையின்ர வாதாட்டத்தாலயோ, அம்மாளாச்சிதான் அறிவா.

விளையாட்டில தன்ர மீசை காணாது, இன்னும் பெரிசா வேணும் எண்டுறான் சுடலைமுத்து. இனி ஐயா சொல்லுறார்.

மகன், நான் ஐயா. நீ எனக்கு மறைச்சதும் நான் உனக்கு மறைச்சதும் இனி வேண்டாம். உன்ர தனித் தாளுகளையும் சுடலைமுத்து இப்ப வாசிச்சுக் காட்டிட்டான். சுடலைமுத்துவைக் கொண்டு முதல் கடிதம் எழுதுவிச்ச அண்டு, "வேற ஒண்டும் இல்லை" எண்டு நான் வாயை மூடினன். சுடலைமுத்துவின்ர பேனை நிக்கேல்லை. தாளில சர் சர் எண்டு ஓடிக்கொண்டேயிருந்தது. எனக்கு எழுத்துத்தான் தெரியாது, சத்தம் தெரியும். நான் சொன்னதை விட அவன் எழுதினது நீளம். தடுக்கலாமெண்டு வாய் வந்தது. விட்டிட்டன். என்னாலதான் சொல்ல ஏலேல்லை, ஆரெண்டாலும் சொல்லட்டும் எண்டு வேலியைப் பாத்துக்கொண்டிருந்தன்.

எண்டாலும் அவன் என்ன எழுதினான் எண்டு அப்ப எனக்கு நிச்சயமில்லை. அதுதான் விளையாட்டை விடு எண்டு சொல்லிப் பாத்தன். விசயம் தெரியாத பிரசாந்தன் எண்டால் ஏன் ஐயா எண்டு கேட்டிருப்பான். நீ மாட்டன் எண்டு எழுதினாய். ஏன் எண்டு கேக்கேல்லை. அதைக் கேட்டாப் பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. இதை நான் தனியச் சுமக்கேல்லை எண்டு தெரிஞ்சுது.

உன்ர கூட்டாளியள், அந்தப் பின்லாந்துப் பெடியன், நாய் வச்சிருக்கிற பிள்ளை, எல்லாருக்கும் இந்தக் கிழவன் கும்பிட்டதாச் சொல்லு. பேர் தெரியாட்டிலும் இந்த வைகாசிப் பொங்கலில அவையின்ர பேரில ஒரு விளக்கு வைப்பன்.

உடம்பைப் பார். இவ்வளவுதான் நான் சொல்லுறது.

ஐயா

தம்பி, இனி மாமி. இவர் முடிச்சிட்டார், ஆனால் என்ர பேனை ஓடுறதைக் கேட்டுக்கொண்டு சிரிச்சுக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுறாய் எண்டு கேக்கேல்லை.

நான் வந்த அண்டு விளையாட்டைப் பற்றிச் சொன்னன். கோயிலடி வந்த உடன முடிஞ்சிடுது அண்ணை எண்டன். பிறகு, "அப்ப அவன் திரும்பி வாறதில்லையோ?" எண்டு கேட்டார். அதுக்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கேல்லை. உனக்கு எழுதவும் சொல்லேல்லை.

உண்மையான தெரு வேண்டாம். பாலமும் வேண்டாம், குளக்கட்டும் வேண்டாம். நீ நித்திரையில வந்த தெருதானே, கண்ணை மூடிக்கொண்டு கீறு. எண்டாலும் சைக்கிளைக் கோயிலடியில விட்டிட்டுப் போகாதை ராசா. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வா.

மாமி